கதிர்ப்படக் களஞ்சியம்

வைத்தியசாலையின் கதிரியற் பகுதி என்றவுடன் பெரும்பாலார் உள்ளத்தே தோன்றுவது படம் பிடிக்கும் பொறியே ஆகும். ஊடுகதிரின் இயல்பு, அதனைக் கண்டறிந்தாரின் வரலாறு, என்பும் தசையும் அதன்முன் வேறுபட்டுத் தோன்றுதற்குக் காரணம் என்பன பாடநூல்களிலே விரிவாகப் பேசப்படுகின்றன. பிடித்த படம் பின்னர் என்னாகின்றது என்பதோ அத்துணை பேசப்படுவதில்லை. ஆயின், படத்தால் நோயாளிக்குப் பயன் விளைவது அது பிடிக்கப்பட்ட கணத்தில் அன்று. அதனை வாசிக்க வல்ல வைத்தியரின் கண்முன், அவர் வேண்டும் பொழுதில், இன்னாருடையது என்பதில் ஐயமின்றி அது வந்து சேரும் கணத்திலேயே ஆகும். மூன்றாண்டுகளுக்கு முன் பிடித்த மார்புப் படம் கையில் இருக்குமாயின், இன்று நுரையீரலிற் காணப்படும் சிறு புள்ளி அன்றே இருந்ததோ, புதிதாகத் தோன்றியதோ எனத் துணியலாம். அப்படம் கிடையாதெனின் மேலும் பரிசோதனைகளும், சிலபோது ஊசியும் கத்தியும் வேண்டப்படும். ஆகவே, படங்களைப் பேணி, தேடியெடுத்து, வேண்டுவார்முன் நிறுத்தும் தொழில் வைத்தியத்திற்குப் புறம்பான எழுத்துவேலை அன்று. வைத்தியத்தின் ஓர் உறுப்பே ஆகும். உலகின் பெரிய வைத்தியசாலைகளில் இத்தொழிலை இன்று ஏற்று நிற்பது 'பாக்ஸ்' என்னும் குறும்பெயரால் வழங்கும் இலக்கமுறைப் படக் களஞ்சியம் ஆகும். அது தோன்றிய வரலாறும், தொழிற்படும் வகையும், அதனால் நேர்ந்த ஊதியமும் இழப்பும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

வில்லெம் றொன்ட்ஜன் 1895 நவம்பர் 8 ஆம் நாள் ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் இக்கதிரைக் கண்டறிந்த நாள்தொட்டு முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கதிர்ப்படம் என்பது கையிற் பிடிக்கத்தக்க ஒரு பொருளாகவே இருந்து வந்தது. தொடக்கத்தில் அது கண்ணாடித் தகடு, பின்னர் பிலிம். வெள்ளிப் புரோமைட்டுத் துகள்கள் விரவிய ஊன்பசைப் பூச்சொன்று பிலிமின்மேற் படிந்திருக்கும். கதிரோ, கதிரால் ஒளிரும் திரையின் ஒளியோ பட்ட இடத்துத் துகள்கள் இருட்டறைக் கரைசலில் வெள்ளியாக மாறிக் கருமையடையும். படாத இடத்துத் துகள்கள் கழுவப்பட்டுப் போகும். என்பு கதிரை மறித்தலால் அதன் நிழல் வெண்மையாய் நிற்கும். இதன்கண் நோக்கற்பாலது யாதெனின், பிலிம் என்னும் அவ்வொரு தாளே மூன்று தொழில்களைப் புரிந்தமையாம். கதிரை ஏற்றதும் அதுவே. ஒளிப்பெட்டியின்மேல் நின்று காட்சி தந்ததும் அதுவே. உறையினுட் புகுந்து ஆண்டுக்கணக்காக ஆவணமாய்க் கிடந்ததும் அதுவே.

மூன்று தொழிலும் ஒன்றிற் குவிந்தமையால் ஓர் இடரும் உடன் விளைந்தது. ஒரு படம் ஒருபொழுதில் ஓரிடத்தில் மட்டுமே இருத்தல் கூடும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் அது தொங்குமாயின் விடுதி வைத்தியர் அதனைக் காணார். பிலிம் அறை ஊழியர் இலக்கப்படி உறைகளை அடுக்கி, எடுத்துச் சென்ற உறையின் இடத்தில் அட்டையொன்றைச் செருகி, கணக்கு வைத்துப் பேணினர். எனினும் இலக்கம் ஒன்று பிறழ்ந்து வேறு தட்டிற் செருகப்பட்ட உறை காணாமற்போன உறையே ஆகும். பல்லாயிரம் உறைகளுள் அதனைத் தேடிக் கண்டவர் நல்லூழ் உடையவர். அரிய நோய்களைக் காட்டும் படங்கள் பிறவற்றினும் எளிதாகத் தொலைந்தன என்பதும் கூறத்தகும். அவற்றை மாணாக்கர்க்குக் காட்ட வேண்டும் என்னும் நன்னோக்குடைய ஆசிரியர்கள் தம் மேசை இழுப்பறைகளுள் வைத்துக்கொண்டமையே அதற்குக் காரணம்.

படங்களைச் சேமித்தல் என்பது உயிர்க்கேடாகவும் முடிதல் கூடும் என்பதற்கு அமெரிக்க நாட்டு ஒகாயோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் கிளினிக்கில் 1929 மே 15 ஆம் நாள் நேர்ந்த பேரிடர் சான்றாக நிற்கின்றது. அக்காலத்துப் பிலிம்கள் பல நைத்திரோசெலுலோசினால் ஆக்கப்பட்டவை. எளிதில் தீப்பற்றுவது மட்டுமன்றி, வெப்பமேறிய அளவில் தானே சிதைந்து நச்சுவாயுக்களைக் கக்குவதும் அப்பொருளின் இயல்பு. கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் அத்தகைய கதிர்ப்படங்கள் பெருந்தொகையாக அடுக்கப்பட்டிருந்தன. வெப்பம் எதனால் உண்டாயிற்று என்பது ஐயந்திரிபறத் துணியப்படவில்லை. நீராவிக் குழாயும் மின்குமிழும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. பிலிம்கள் கனன்று வெடித்தன. நச்சுப்புகை குழாய்கள் வழியாகவும் படிக்கட்டு வழியாகவும் மாடிகளிற் பரவ, நோயாளரும் வைத்தியரும் தாதியருமாக 123 பேர் உயிர் நீத்தனர். நிலையத்தைத் தாபித்தோருள் ஒருவரான யோன் பிலிப்ஸ் என்பாரும் அவர்களுள் அடங்குவார். தீயினால் மாண்டோரினும் புகையை உட்கொண்டு மாண்டோரே பெரும்பான்மையர். எளிதிற் பற்றாத செலுலோசு அசற்றேற்றுப் பிலிம் அதற்கு முன்னரே விற்பனைக்கு வந்திருந்தது என்பதும், அதன்பின்னரே அதனைக் கைக்கொள்ளுதலும் களஞ்சிய விதிகளும் கண்டிப்பாக வற்புறுத்தப்பட்டன என்பதும் வருந்தத்தக்கன. பிலிம் அறையை வைத்தியசாலையின் ஒதுக்குப்புறமாகக் கருதிய மனப்பான்மைக்கு அந்நாளில் செலுத்தப்பட்ட விலை அது.

பிலிமுக்கு வேறொரு விலையும் உண்டு. அதன் உயிர்ப்பொருள் வெள்ளி. 1980 சனவரியில் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஓர் அவுன்சு 50 டொலர் அளவுக்கு ஏறியபொழுது பிலிமின் விலையும் உடன் ஏறிற்று. பிலிமின்றிப் படம் காணும் வழியுண்டோ எனக் கதிரியலார் எண்ணியதற்கு அதுவும் ஒரு தூண்டுகோலாயிற்று.

வழி அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே வேறொரு திசையில் திறந்திருந்தது. 1971 ஒற்றோபர் 1 ஆம் நாள் இலண்டன் மாநகரின் விம்பிள்டனில் உள்ள அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், ஈ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியியலாளரான கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த பொறியினால் நோயாளி ஒருவரின் தலை முதன்முதலாகக் குறுக்குவெட்டாகப் படமாக்கப்பட்டது. சி.ரி. ஸ்கான் என இன்று யாவரும் அறிந்தது அது. இதன்கண் படம் பிலிமிற் பிறக்கவில்லை. தலையினூடே பல திசைகளிற் சென்ற கதிர்களின் வலு அளக்கப்பட்டு, அவ்வளவைகளிலிருந்து கணினி கணித்தெடுத்த எண்களே படமாயின. முதற் படம் நிரைக்கு 80 ஆக 80 நிரைகள், அஃதாவது 6,400 எண்களைக் கொண்டது. நீருக்குச் சுழி, வளிக்குக் குறை 1,000 எனக் கொண்டு ஏனைய இழையங்களுக்கு அவற்றினிடையேயும் மேலேயும் எண் வகுக்கப்பட்டது. ஹவுன்ஸ்பீல்டும் அலன் கோர்மக்கும் 1979 இல் நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எண்ணாகப் பிறந்த இப்படத்திற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. குறை ஆயிரத்திலிருந்து மிகை ஆயிரத்திற்கு மேலும் விரியும் எண்கள் அனைத்தையும் கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட சாயல்களாக ஒருங்கே காட்டினால், மூளையின் ஒரு பகுதிக்கும் மறுபகுதிக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கண் பிரித்தறியாது. ஆதலால் வேண்டிய எண்களுக்கு மட்டும் சாயல் முழுவதையும் பங்கிட்டுக் காட்டுவர். இதனைச் சாளரம் திறத்தல் என்பர். ஒரே எண்தொகுதி ஒரு சாளரத்தால் நோக்க நுரையீரலையும், மற்றொன்றால் நோக்க என்பையும் காட்டும். வியப்பு என்னவெனின், இத்துணை வளமுடைய எண்களைப் பெற்ற பின்னரும் வைத்தியசாலைகள் பல்லாண்டு காலம் ஓரிரு சாளரங்களை மட்டும் தெரிந்து பிலிமிற் பதித்து அந்தப் பிலிமையே உறையிலிட்டு வந்தன. பிலிமிற் பதியாத சாளரங்கள் பின்னர் வந்த வைத்தியருக்கு மூடிய கதவுகளே. எண்ணை எண்ணாகவே சேமித்து, எண்ணாகவே அனுப்பி, கண்டபின்னரும் எண்ணாகவே விட்டுவைக்கும் ஏற்பாடு இல்லாமையே இதற்குக் காரணம். சாதாரண மார்புப் படத்தையும் எண்ணாக்கும் முறையை யப்பானின் பூஜி நிறுவனம் 1983 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கதிரின் சத்தியைச் சிறிதுநேரம் தன்னுள் அடக்கி வைத்து, செந்நிற லேசர் தொட்ட இடத்து நீலவொளியாக வெளியிடும் தகடு அதன் அடிப்படை. அதன்பின் கதிரியற் பகுதியில் எண்ணாக மாட்டாத படம் என ஒன்று இல்லையாயிற்று.

படங்களை இலக்கமுறையிற் சேமித்துப் பரிமாறுதல் பற்றிய முதலாவது பெருமாநாடு 1982 சனவரியில் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரிற் கூடிற்று. அங்குக் கூடியோர் கண்ட கனவு பெரிது. கைவசம் இருந்த கருவி சிறிது. நிரைக்கு 512 புள்ளிகளாக 512 நிரைகள் கொண்ட சி.ரி. வெட்டு ஒன்றிற்குப் புள்ளிக்கு இரண்டு பைற்றாக 5,24,288 பைற்றுகள் வேண்டும். ஐ.பி.எம். நிறுவனம் 1981 இல் வெளியிட்ட தனியாள் கணினியின் நெகிழ்தட்டு ஒன்றின் கொள்ளளவு 160 கிலோபைற்று. ஆகவே ஒரு வெட்டுக்கே மூன்று தட்டுகள் போதா. மார்புப் படம் ஒன்று ஏறக்குறைய 10 மெகாபைற்று அளவினது. அதற்கு அறுபதுக்கு மேற்பட்ட தட்டுகள் தேவைப்பட்டிருக்கும். இன்று ஒரு நோயாளியின் ஒரே பரிசோதனையில் 500 வெட்டுகளும் 1,000 வெட்டுகளும் எடுக்கப்படுகின்றன. எனினும் சேமிப்பின் பெருமையும் கம்பியின் வேகமும் பொறியியலார் உழைப்பால் ஆண்டுதோறும் வளர்ந்தன. அவ்வாறு தானே வளராத தடை வேறொன்று இருந்தது.

அது மொழித்தடை. ஒவ்வொரு நிறுவனத்தின் பொறியும் தனக்கென வகுத்த வரிசையிலேயே எண்களை எழுதிற்று. ஒன்றன் படத்தை மற்றொன்று திறக்கமாட்டாது. நோயாளியின் பெயர் எங்கே தொடங்குகின்றது, படத்தின் முதற்புள்ளி எங்கே உள்ளது என்பன ஆக்கியோன் மட்டும் அறிந்த மறைபொருள்களாய் இருந்தன. இந்நிலையை மாற்றும்பொருட்டு அமெரிக்கக் கதிரியற் கல்லூரியும் மின்சாதன உற்பத்தியாளர் தேசிய சங்கமும் 1983 இல் கூட்டுக் குழுவொன்றை அமைத்தன. வாடிக்கையாளரான வைத்தியரும் போட்டியாளரான உற்பத்தியாளரும் ஒரு மேசையில் அமர்ந்து ஒரு மொழிக்கு இலக்கணம் வகுத்தல் எளிதன்று. 1985 இல் வெளிவந்த முதற் பதிப்பு 50 முனைகளையுடைய வடமொன்றால் ஒரு பொறியை மற்றொரு பொறியுடன் நேரே பிணைப்பதையே கருதிற்று. 1988 இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 1993 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பே, சாதாரணக் கணினி வலையமைப்பின்மேல் யாரும் யாருடனும் பேசத்தக்கதாய், 'டைக்கொம்' என்னும் பெயருடன் நிலைபெற்றது. அதன்பின்னர் பகுதிகள் பல சேர்க்கப்பட்டனவே அன்றி அடித்தளம் மாறிற்றில்லை.

டைக்கொம் கோப்பின் அமைப்பைச் சிறிது விளக்குதல் தகும். முறைமை முழுவதும் இதன்மேலேயே நிற்கின்றது. கோப்பின் தொடக்கத்தில் 128 பைற்றுகள் ஒதுக்கிடமாக விடப்பட்டிருக்கும். அடுத்து டி, ஐ, சி, எம் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் இது டைக்கொம் என அறிவிக்கும். அதன்பின் செய்திகள் ஒவ்வொன்றும் ஈரெண் முகவரியுடன் நிரலே வரும். 0010, 0010 என்னும் முகவரியில் உள்ளது நோயாளியின் பெயர். 0010, 0020 இல் அவருடைய வைத்தியசாலை இலக்கம். 0010, 0030 இல் பிறந்த திகதி. பொறியின் பெயர், பிடித்த நாள், வெட்டின் தடிப்பு, புள்ளிகளின் இடைவெளி என்பன இவ்வாறே தத்தம் முகவரியில் அமர, படத்தின் எண்கள் பின்னே வரும். முகவேடு இழந்த ஏட்டுச்சுவடி நூற்பெயர் தெரியாது கிடந்து வருந்திய கதை தமிழ் அறிந்தார்க்குப் புதிதன்று. இங்கே முகவேடு தனி ஏடாக இல்லை. ஒவ்வோர் ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கின்றது. ஆயிரம் வெட்டுகள் கொண்ட பரிசோதனையில் ஆயிரம் முறையும் பெயர் உண்டு.

பெயர் மட்டும் போதாது எனக் கண்டு ஒவ்வொரு படத்திற்கும் தனித்த அடையாள எண் ஒன்றும் இடப்படுகின்றது. இலக்கங்களும் புள்ளிகளுமாக 64 எழுத்துகளுக்கு மேற்படாத நீண்ட தொடர் அது. நிறுவனங்களுக்கு முன்னொட்டுகள் வேறுவேறாக வழங்கப்பட்டிருத்தலால் உலகில் எங்குப் பிடிக்கப்பட்ட இரண்டு படங்களுக்கும் ஒரே எண் அமைதல் கூடாது என்பது நியதி. ஒரு பரிசோதனை, அதனுள் தொடர்கள், தொடரினுள் தனிப்படங்கள் என்னும் மூன்று படிகளுக்கும் தனித்தனி எண் உண்டு. படம் ஒன்று பத்திடங்களிற் பிரதியாயினும் பத்தும் ஒன்றே எனக் கணினி அறிவது இவ்வெண்ணாலேயாம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். டைக்கொம் மனிதப் பெயரைக் குடும்பப்பெயர், இடுபெயர், இடைப்பெயர், முன்னொட்டு, பின்னொட்டு என ஐந்து கூறாக வகுத்துள்ளது. மேனாட்டார் வழக்கிற்கு இது பொருந்தும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே தரித்து, குடும்பப்பெயர் என ஒன்று இன்றியே வாழும் தமிழர் ஒருவர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வைத்தியசாலையிற் பதியப்படும்போது, ஓரிடத்தில் தந்தை பெயர் குடும்பப்பெயராகும். மற்றோரிடத்தில் அவர் பெயரே குடும்பப்பெயராகும். ஒருவரே இருவராகிப் பழைய படம் ஒரு பெயரின்கீழும் புதிய படம் மறுபெயரின்கீழும் கிடக்கும். யப்பானியர் தம் பெயரை உரோம எழுத்திலும் சித்திர எழுத்திலும் ஒலியெழுத்திலும் மூவகையாக எழுதிவைக்க அம்மொழியில் இடம் தரப்பட்டுள்ளது. ஐந்து கூற்றில் அடங்காத பெயருடையார் இலக்கத்தையும் பிறந்த திகதியையுமே நம்ப வேண்டியவராவர்.

இனி, படமொன்றின் நடையைப் பின்தொடரலாம். விடுதி வைத்தியர் பரிசோதனை வேண்டுமெனக் கணினியிற் பதிகின்றார். அவ்வேண்டுகோள் கதிரியற் பகுதியின் பதிவு முறைமையைச் சென்றடைந்து அன்றைய பணிப்பட்டியலில் ஒரு வரியாகின்றது. சி.ரி. பொறியின்முன் நிற்கும் கதிர்ப்படப்பிடிப்பாளர் அப்பட்டியலைப் பொறியின் திரையிலேயே கண்டு, வந்திருப்பவரின் வரியைத் தெரிகின்றார். பெயரும் இலக்கமும் பிறந்த திகதியும் தாமே படத்தினுட் புகுகின்றன. படம் பிடித்து முடிந்ததும் அது களஞ்சியத்திற்கு அனுப்பப்படும். களஞ்சியம் ஏற்றுக்கொண்டேன் என மறுமொழி தந்த பின்னரே பொறியிலுள்ள மூலப்பிரதி நீக்கத்தக்கதாகும். களஞ்சியமோ அந்நோயாளியின் பழைய படங்களை முன்கூட்டியே தேடியெடுத்து வைக்கின்றது. கதிரியல் வைத்திய நிபுணர் இரண்டையும் அருகருகே விரித்து ஒப்பிட்டு அறிக்கை சொல்கின்றார். அவருடைய திரை வீட்டிலுள்ள சாதாரணத் திரை போன்றதன்று. எந்தத் திரையிலும் ஒரே சாயல் ஒரே வகையாய்த் தோன்றுமாறு, கண்ணின் உணர்திறனை அடிப்படையாகக் கொண்டு டைக்கொம் வகுத்த வளைகோட்டிற்கு இணங்க அதன் ஒளி காலந்தோறும் அளந்து சரிசெய்யப்படல் வேண்டும்.

பணிப்பட்டியல் வருமுன் பெயரை ஒவ்வொரு பொறியிலும் கையால் தட்டினர், எழுத்துப்பிழை மலிந்தது. பட்டியல் அப்பிழையை ஒழித்தது உண்மை. ஆயின் பிழையின் உருவமும் மாறிற்று. பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இருவருள் ஒருவருக்குப் பதிலாக மற்றவரின் வரி தொடப்படின், படத்தின்மேல் எழுத்துப்பிழை சிறிதுமின்றிப் பிறரின் பெயர் அமைந்துவிடும். கைப்பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்; இப்பிழை காட்டிக்கொடாது. கண்டுபிடித்த பின்னரும் துன்பம் உண்டு. களஞ்சியத்திலுள்ள பிரதியைத் திருத்தினாலும், இதற்குள் பணிநிலையங்களுக்கும் பிற வைத்தியசாலைகளுக்கும் சென்ற பிரதிகள் பழைய பெயருடனேயே உலவும். படம் பிடிக்குமுன் நோயாளியையே பெயரும் பிறந்த நாளும் சொல்லக் கேட்டல் வேண்டும் என்னும் பழைய விதி, இத்துணைக் கணினிகளுக்குப் பின்னும் கைவிடப்படாமைக்குக் காரணம் இதுவே.

பிலிமின்றி முழுதும் இயங்கிய வைத்தியசாலைகளுள் வியன்னா நகரில் 1992 இல் திறக்கப்பட்ட டோனவு வைத்தியசாலையும், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1993 இல் அவ்வாறு மாறிய படைவீரர் வைத்தியசாலையும் முன்னோடிகள். பால்டிமோரில் எலியட் சீகல் என்னும் கதிரியல் நிபுணரும் அவருடன் பணியாற்றியோரும் மாற்றத்தின் விளைவைப் பொறுமையுடன் அளந்து எழுதினர். பிலிம் இருந்த காலத்தில், படம் காணாமற் போனதால் நிபுணரால் வாசிக்கப்படாமலே போன பரிசோதனைகள் நூற்றுக்கு 8 அளவில் இருந்தன. பின்னர் அத்தொகை நூற்றுக்கு ஒன்றிற்கும் கீழாகக் குறைந்தது. கதிர் பாய்ச்சப்பட்டு, கட்டணம் கணக்கிடப்பட்டு, ஆயினும் ஒருவர் கண்ணிலும் முறையாகப் படாத படங்கள் நூற்றுக்கு எட்டு என்பதைச் சற்று நின்று கருதுதல் வேண்டும். இம்முறைமைக்கு ஆதரவாகக் கூறத்தக்க வாதங்களுள் இதனினும் வலியது வேறில்லை.

அதே வைத்தியசாலையில் அதே அறிஞர்கள் அளந்த மற்றொன்று 1999 இல் வெளியிடப்பட்டது. விடுதி வைத்தியர்கள் கதிரியல் நிபுணரை நேரிற் கண்டு கலந்துரையாடும் வழக்கம், பிலிம் மறைந்தபின், சாதாரணக் கதிர்ப்படங்கள் பொறுத்து நூற்றுக்கு 82 பங்கு குறைந்தது, சி.ரி. முதலிய குறுக்குவெட்டுப் படங்கள் பொறுத்து 44 பங்கு குறைந்தது. காரணம் வெளிப்படை. முன்னர் படம் பிலிம் அறையில் இருந்தமையால் அதனைக் காண வைத்தியர் அங்கே நடந்து செல்ல வேண்டியிருந்தது. சென்றவிடத்து ஒளிப்பெட்டியின்முன் நிபுணர் இருப்பார். நோயாளி எப்படி இருக்கின்றார், வலி எங்கே, காய்ச்சல் உண்டோ என்பன பேச்சினிடையே வெளிவரும். அப்பேச்சில் அறிக்கை திருந்தும், சிகிச்சையும் திருந்தும். மாணாக்கர் பின்னே நின்று கேட்டுக் கற்பர். இப்பொழுது படம் எங்கும் செல்கின்றது. மனிதர் செல்லுதற்குத் தேவை இல்லை. வேண்டுகோட் படிவத்தில் 'இருமல்' என்னும் ஒற்றைச் சொல் மட்டும் எழுதப்பட்டு வருமாயின், நிபுணர் அவ்வொற்றைச் சொல்லைக் கொண்டே ஆயிரம் வெட்டுகளை வாசிக்க வேண்டியவராகின்றார். இவ்விழப்பு கணினியின் குற்றமன்று என வாதிப்போர் உளர். கணினியின் குற்றமோ அன்றோ, முறைமையை வகுத்தோர் படத்தின் நடையை நுணுகி எண்ணிய அளவுக்கு மனிதரின் நடையை எண்ணிற்றிலர் என்பது மறுக்கவொண்ணாதது. பலதுறை வைத்தியரும் ஒரு நாளிற் கூடிப் படங்களை ஒருங்கே நோக்கும் கூட்டங்கள் புற்றுநோய் முதலிய துறைகளில் இக்குறையை ஓரளவு நிரப்புகின்றன.

பரவலாக ஏற்கப்படுதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் சென்றது. இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையில் அவசர சிகிச்சை வழங்கும் வைத்தியசாலைகள் அனைத்தும் 2007 இறுதிக்குள் இம்முறைக்கு மாறின. பிலிம் அறைகள் வெறுமையாகி வேறு தேவைகளுக்குப் பயன்பட்டன.

ஓரிடத்தில் மட்டும் இருத்தல் பிலிமின் குறை எனப்பட்டது. எல்லாவிடத்தும் இருத்தலுக்கும் குறை உண்டு. டைக்கொம் வகுக்கப்பட்ட காலத்தில் வைத்தியசாலை வலையமைப்பு நாற்புறச் சுவருக்குள் அடங்கியது. கேட்பவர் யாவர் என வற்புறுத்தி வினவும் பழக்கம் அன்று அம்மொழிக்குப் புகட்டப்படவில்லை. பின்னர்ச் சேர்க்கப்பட்ட பாதுகாப்பு விதிகளையும் பலர் நடைமுறைப்படுத்தினரல்லர். 2019 இல் ஜேர்மனியின் கிறீன்போன் நிறுவனத்து ஆய்வாளர்கள், கடவுச்சொல் முதலிய காவல் இன்றி இணையத்தில் திறந்து கிடந்த களஞ்சியங்கள் பலநூற்றைப் பல நாடுகளிற் கண்டு அறிவித்தனர். உடைத்துப் புகுதல் தேவைப்படவில்லை, கதவே இல்லை. ஒவ்வோர் ஏட்டிலும் பெயர் எழுதியிருத்தல் எனச் சற்றுமுன் பாராட்டப்பட்ட சிறப்பே இங்குக் கேடாயிற்று.

வேறொரு வகைக் கேடு அயர்லாந்தில் நேர்ந்தது. 2021 மே 14 ஆம் நாள் அந்நாட்டின் அரச சுகாதார சேவையின் கணினிகளுட் கப்பம் கோரும் நச்சுநிரல் புகுந்தது. பரவாது தடுக்கும்பொருட்டு முறைமைகள் நிறுத்தப்பட்டன. நாட்டின் வைத்தியசாலைகள் பலவற்றின் படங்களை ஒருங்கே காத்த 'நிமிஸ்' என்னும் தேசியக் களஞ்சியமும் அவற்றுடன் நின்றது. பொறிகள் பழுதுறவில்லை, படம் பிடிக்க முடிந்தது. ஆயின் பிடித்த படத்தைப் பொறியின் அருகே சென்றே காண வேண்டியதாயிற்று. அறிக்கையைத் தாளில் எழுதிக் கையிற் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று. பழைய படம் எதனுடனும் ஒப்பிட இயலாதாயிற்று. அவசரமல்லாத பரிசோதனைகள் ஆயிரக்கணக்கில் ஒத்திவைக்கப்பட்டன. பிலிம் காலத்தில் ஓர் உறை தொலைந்தால் ஒருவர் துன்புற்றார். இங்கு எவ்வுறையும் தொலையவில்லை. பூட்டு ஒன்று விழுந்தமையால் எல்லாரும் ஒருங்கே துன்புற்றனர். களஞ்சியத்தின் பிரதியொன்றை அதே வலையமைப்பிற் சேராத வேறிடத்தில் வைத்தல் வேண்டும் என்பதும், கணினியின்றி ஒரு நாளை நடத்தும் பயிற்சி ஊழியர்க்கு வேண்டும் என்பதும் அதன்பின் பல நாடுகளில் அழுத்திப் பேசப்படுகின்றன.

எத்துணைக் காலம் காக்க வேண்டும் என்னும் வினாவும் எஞ்சுகின்றது. இங்கிலாந்தில் வளர்ந்தோரின் பதிவுகளைப் பொதுவாக 8 ஆண்டுகளும், சிறுவருடையவற்றை அவர்தம் இருபத்தைந்தாம் பிறந்தநாள் வரையும் காத்தல் நியதி. 1950 ஆம் ஆண்டுப் பிலிம் ஒன்றை இன்று யன்னலுக்கு நேரே பிடித்தால் படம் தெரியும். 1993 இல் எழுதப்பட்ட ஒளித்தட்டைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. அதனை வாசிக்கும் பொறி வேண்டும். அப்பொறியை ஆக்கிய நிறுவனம் இன்று இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே களஞ்சியத்தை ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுகின்றனர். கோடிக்கணக்கான படங்கள் ஒவ்வொன்றாகப் பழைய தட்டிலிருந்து புதிய தட்டிற்குச் செல்ல மாதங்களும், சிலவிடத்து ஓரிரு ஆண்டுகளும் ஆகும். நிறுவனங்கள் டைக்கொம் விதிக்குப் புறம்பாகத் தமக்கென எழுதிக்கொண்ட குறிப்புகள், நிபுணர் படத்தின்மேல் இட்ட அம்புக்குறிகள், அளவுகள் என்பன சிலபோது வழியில் உதிர்ந்துவிடும். எந்தப் பதிவுடனும் பொருந்தாது நிற்கும் படங்களும் சில எஞ்சும்: திருமணத்தாற் பெயர் மாறியோர், நினைவின்றிக் கொணரப்பட்டு 'பெயர் அறியாதவர்' எனப் பதியப்பட்டோர், இரண்டு இலக்கம் பெற்ற ஒருவர், ஓர் இலக்கத்தின்கீழ் வந்த இருவர். இவற்றைக் கணினி ஒரு தனி நிரலில் ஒதுக்கி வைக்கின்றது. பிறந்த திகதியையும், பிடித்த நாளையும், அந்நாளின் விடுதிப் பதிவையும் பக்கத்தில் விரித்து, ஐயம் தீராவிடத்து முறிந்து பொருந்திய பழைய என்பின் வடிவத்தைப் புதிய படத்துடன் ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக உரியவரிடம் சேர்க்கும் பணியைப் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் திரையின்முன் அமர்ந்து செய்கின்றார்.